முப்பத்தொரு பழைய பீரோக்கள்

6 அக்டோபர் 1994, வியாழன். இன்று என்னால் ஒரு தவறு நடந்தது. அத்திப்பள்ளி ஷெட்டிலிருந்து ஓசூர் ஷெட்டுக்கு மெஷினை அனுப்பும்போது, நடுவில் கர்நாடக–தமிழ்நாடு எல்லையில் இருக்கும் செக்போஸ்ட் சீட்டில் வழக்கமாக எழுதுவதை எழுதாமல் உண்மையை எழுதிவிட்டேன். உண்மையை எழுதியது தவறா, இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தவறா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. மாலை வகுப்புக்குப் போகவில்லை. செக்போஸ்ட்டில் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதி வைக்கிறேன். பேசியவர்கள் நால்வர்: முதலாளி கௌஸ் மொய்தீன், டிரைவர் நாராயணப்பன், செக்போஸ்ட் கிளார்க் கோவிந்தன், ஷெட்டில் கணக்கு எழுதும் மேரிராணி ஆகிய நான்.

— கிட்ட வராதீங்க பாய்! அங்கயே நில்லுங்க. நான் இந்தப் புளியமரத்துக்கிட்ட இருந்தே பேசறேன்.

— என்னா கோவிந்தன் சார், நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்ச ஆளு, இன்னைக்கு நூறடி தள்ளி நிக்கிறீங்க?

— உங்க ஆளு குடுத்த சீட்டைப் படிச்சீங்களா? 'பேலன்சிங் மெஷின் ஒன்று. அணுகுண்டு தயாரிக்கவும் பயன்படக் கூடியது.' இருபது வருஷ சர்வீஸ்ல இந்த கேட்டுல மாங்கா பார்த்திருக்கேன், ரோஜாப்பூ பார்த்திருக்கேன், கள்ளச்சாராயம் பார்த்திருக்கேன். அணுகுண்டு இன்னைக்குத்தான் பாய்.

— யா அல்லா! மேரிராணி, நீயாம்மா எழுதினே?

— நான்தான் சார். அதுக்குக் கீழ இன்னொரு வரியும் எழுதியிருக்கேன். 'அதற்குப் பயன்படுத்த மாட்டோம்.' அதை அவர் படிக்கலையா?

— ரெண்டாவது வரி வரைக்கும் நின்னு படிக்க யாருக்கும்மா தைரியம் இருக்கு? மொத வரியிலயே நான் புளியமரத்துக்கு வந்துட்டேன். டீக்கடை அடுப்பைக்கூட அணைக்கச் சொல்லிட்டேன்.

— அய்யோ தேவ்ரே, அதைச் சொல்லுங்க பாய்! எட்டரை மணியில இருந்து ஒரு வாய் டீ இல்ல. வேனை விட்டு எறங்கவும் விடமாட்டேங்கறாரு. நான் அசைஞ்சா அது அசையும், அது அசைஞ்சா வெடிக்கும்ங்கறாரு.

— டேய் நாராயணா, எறங்குடா கீழ. இது என்னா தீபாவளிப் பட்டாசா வெடிக்க? கோவிந்தன் சார், நூல் மில்லுல ஸ்பிண்டில்னு ஒண்ணு சுத்தும். அது ஆடாம சுத்துதான்னு பார்த்துச் சொல்ற மெஷின் இது. அவ்வளவுதான்.

— அப்ப அணுகுண்டு எங்க இருந்து வந்துச்சு?

— நான் சொல்றேன் சார். அணுகுண்டுக்கு யுரேனியத்தைப் பிரிக்கிற குழாய் ஒண்ணு இருக்காம். அதுவும் ஆடாம, ரொம்ப வேகமா சுத்தணுமாம். அதனால இந்த மாதிரி மெஷினையெல்லாம் இருபத்தஞ்சு முப்பது நாடு சேர்ந்து ஒரு லிஸ்ட்ல போட்டிருக்காங்க. யாருக்கு வித்தோம், எங்க வச்சிருக்காங்க, எதுக்கு வச்சிருக்காங்கன்னு வித்த நாடு பார்த்துக்கிட்டே இருக்கணும். நமக்கு ஒரு ஃபாரம் வந்துச்சு. பொறுப்பாளர்னு நான் கையெழுத்து போட்டேன். அதுக்கப்புறம் சீட்டுல வேற மாதிரி எழுத எனக்கு மனசு வரலை.

— முழுசா சொல்லும்மா. இந்த மெஷினை வேற எதுக்காவது பயன்படுத்த முடியுமான்னு அதுல ஒரு கேள்வி. நாட்டுல இருக்கிற கம்பெனி எல்லாம் முடியாதுன்னு எழுதுது. இவ முடியும்னு எழுதினா!

— முடியுமான்னுதானே சார் கேட்டிருந்தாங்க. முடியும். செய்வீங்களான்னு கேட்ட இடத்துல செய்ய மாட்டோம்னு எழுதியிருக்கேன். ரெண்டையும் ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

— கேட்டுக்கோங்க கோவிந்தன் சார். அதைப் படிச்சுட்டுத்தான் டெல்லியில இருந்து, மெஷினை வித்த நாட்டுத் தூதரகத்து அம்மா கெளம்பி வர்றாங்க. பதினோரு மணிக்கு ஓசூர் ஷெட்ல இந்த மெஷினைப் பார்க்கணும். பார்த்து கையெழுத்து போட்டாத்தான் மெட்ராஸ் துறைமுகத்துல நிக்கிற ரெண்டாவது மெஷின் எங்க கைக்கு வரும். அது வரலைன்னா கோயம்புத்தூர் ஆர்டர் போச்சு. பதினோரு குடும்பம் சார். இப்ப மணி பத்தே கால். கேட்டைத் தொறங்க.

— தொறக்கறேன் பாய். ஆனா ரெக்கார்டு பேசுதே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இந்த நோட்டைப் பாருங்க. பிப்ரவரியில இருந்து இதே வேன், இதே டிரைவர். 'பழைய பீரோ ஒன்று, சொந்த உபயோகம்.' முப்பத்தொரு தடவை. அங்க இருந்து இங்க, இங்க இருந்து அங்க. அந்த பீரோதானா இது?

— அதேதான்.

— அடப்பாவமே! உங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறப்பல்லாம் பீரோவையும் தூக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன் பாய். மனுசனுக்கு வீட்டுல நிம்மதி இல்ல, நாமளும் எதுக்கு நோண்டணும்னுதான் தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்காம விட்டேன்.

— அதான் நீங்க ஒவ்வொரு தடவையும் எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களா?

— பின்ன என்ன பாய்? ஆகஸ்ட்ல பத்து நாள் பீரோ திரும்பி வரலை. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

— அது கரண்ட் கட் சார். தமிழ்நாட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் கரண்ட் இல்ல. இங்க கட் ஆனா மெஷினை ஏத்திட்டு அத்திப்பள்ளியில என் மச்சான் ஷெட்டுக்குப் போவோம். கர்நாடகால கட் ஆனா இங்க வருவோம். கரண்ட் எந்த ஸ்டேட்ல இருக்கோ அந்த ஸ்டேட்ல மெஷின். மெஷின்னு எழுதினா வரி ஃபாரம், சீலு, கியூவுல அரை நாள் போயிடும். பீரோன்னா அஞ்சு நிமிஷம்.

— சார், ஒரு வெள்ளை அம்பாசிடர் வருது. நீல நம்பர் போர்டு, தூதரக வண்டிதான்.

— பதினோரு மணின்னுதானே சொன்னாங்க?

— பெங்களூர்ல இருந்து வந்தா இந்த வழியாத்தானே சார் வரணும். வண்டி நிக்குது. எறங்கிட்டாங்க.

— அய்யோ தேவ்ரே, நான் மறுபடி வேன்ல ஏறிக்கட்டுமா?

— சும்மா நில்லுடா. மேரிராணி, நீ போய்ப் பேசு. இங்க இருக்கறவங்கள்ல நீ ஒருத்திதான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிக்கிறவ.

— சாயங்கால வகுப்பு சார். இன்னும் மூணாவது பாடம்தான் முடிஞ்சிருக்கு. தப்பா சொல்லிட்டேன்னா…

— நீ தப்பா சொன்னாலும் எங்களுக்குத் தெரியப்போறதில்ல. போம்மா.

— பாய், அந்தம்மா நேரா வேன்கிட்ட போயி தார்ப்பாயைத் தூக்கி மெஷினைத் தட்டிப் பார்க்கறாங்களே! ஒண்ணும் ஆகலையே!

— அப்ப நீங்களும் மரத்தை விட்டு வாங்க கோவிந்தன் சார். மேரிராணி, என்னா கேக்கறாங்க?

— மெஷின் நம்பரைப் பார்த்தாங்க, சரியா இருக்காம். அது ஏன் ரோட்டுல நிக்குதுன்னு கேட்டாங்க. சீட்டைப் படிச்சுட்டு செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்கன்னு சொன்னேன். நிறுத்தினது யாருன்னு கேக்கறாங்க.

— நான் இல்லீங்க! ரூல்ஸ்ங்க! எனக்கு அடுத்த வருஷம் புரமோஷன் இருக்கு, என் பேரைச் சொல்லிடாதேம்மா.

— இல்ல சார், உங்களுக்குக் கை குடுக்கணுமாம். அஞ்சு நாட்டுல இந்த வேலை பார்த்திருக்காங்களாம். காகிதத்துல எழுதினதைப் படிச்சுட்டு ஒரு கேட்டுல வண்டியை நிறுத்தினதை இன்னைக்குத்தான் மொத தடவையா பார்க்கறாங்களாம்.

— அப்படியா? கோவிந்தன்னு சொல்லும்மா. கோ-விந்-தன். இனிஷியல் பி.

— அடுத்து என்னம்மா கேக்கறாங்க? முகம் மாறுதே.

— இந்த மெஷின் இதுக்கு முன்னாடி இந்த கேட்டைத் தாண்டியிருக்கான்னு கேக்கறாங்க சார். இதை எங்கயாவது நகர்த்தினா மொதல்ல அவங்ககிட்ட சொல்லணும்னு ஃபாரத்துல இருக்கு. நாலாவது பக்கம்.

— மொத தடவைன்னு சொல்லு. ரிப்பேருக்குப் போயிட்டு வருதுன்னு சொல்லு.

— ஆமாம்மா, மொத தடவைதான். ரெக்கார்டை நான் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.

— சார், ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்.

— யோசிக்க என்னா இருக்கு? ஃபர்ஸ்ட். ஒரு வார்த்தை. உன் மூணாவது பாடத்துல இல்லையா?

— இருக்கு சார். ஆனா பொறுப்பாளர்னு என் பேருதானே இருக்கு.

— பதினோரு குடும்பம்மா.

— அதுல ஒண்ணு எங்க வீடுதான் சார்.

— சரி, என்னமோ சொல்லு, சீக்கிரம் சொல்லு, அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கறாங்க… சொல்லிட்டியா? என்னம்மா சொன்னே? ஃபர்ஸ்ட்டுங்கிற வார்த்தை என் காதுல விழவே இல்லையே. தர்ட்டி ஒன்னுன்னு விழுந்துச்சு.

— ஆமா சார். எண்ணிக்கை அதுதான்.

— போச்சு! ரெண்டாவது மெஷின் போச்சு, ஆர்டர் போச்சு, நான் போனேன்.

— என் புரமோஷனையும் சேர்த்துக்கங்க பாய்.

— சார், கோவப்படாம கேளுங்க. நகர்த்தினது தப்புன்னுதான் சொல்றாங்க. ஆனா கையெழுத்து போடமாட்டேன்னு இன்னும் சொல்லலை. ஒவ்வொரு தடவையும் மெஷின் எப்ப கெளம்புச்சு, எப்ப போய்ச் சேர்ந்துச்சு, நடுவுல எங்கயாவது நின்னுச்சான்னு யாராவது சொல்ல முடியுமான்னு கேக்கறாங்க.

— யாரால முடியும்? நாராயணனுக்கு நேத்து என்னா தின்னோம்னே நெனவு இருக்காது.

— நான் எழுதி வச்சிருக்கேன் சார். என் நோட்டுல. தேவையில்லாத வேலைதான், ஆனா ஒரு பழக்கம்.

— எல்லாத்தையுமா?

— கெளம்பின நேரம், சேர்ந்த நேரம், தாமதம், காரணம். அந்தம்மா டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டாங்க. மொதல்ல இருந்து படிக்கச் சொல்றாங்க. 'பிப்ரவரி 3. பத்து மணிக்குக் கிளம்பியது. பத்து ஐம்பதுக்குச் சேர்ந்தது. தாமதம் இல்லை. பிப்ரவரி 8. நான்கு ஐந்துக்குக் கிளம்பியது. ஐந்தே காலுக்குச் சேர்ந்தது. தாமதம்: இருபது நிமிடம். காரணம்: ஆடுகள்.'

— சிரிக்கறாங்க! பாய், ஆட்டுக்குச் சிரிக்கறாங்க!

— எத்தனை ஆடுன்னு கேக்கறாங்க. நான் குறிக்கலை. அது என் தப்புதான்.

— ஆட்டை விடும்மா, மேல படி.

— படிச்சுட்டேன் சார். முப்பத்தொண்ணுல முப்பதுக்குக் கணக்கு சரியா வருதாம். ஒண்ணு மட்டும் இடிக்குதாம். 'ஆகஸ்ட் 19. செக்போஸ்ட் தாண்டியது நான்கு பத்து. ஷெட்டுக்கு வந்தது ஏழு முப்பது. காரணம்: பஞ்சர் என்றார். நான் நம்பினேனா என்று தெரியவில்லை.'

— அதையும் எழுதி வச்சியா மேரிம்மா?

— அண்ணா, நீங்க அன்னைக்கு மல்லிப்பூ வாசனையோட வந்தீங்க. பஞ்சர் கடையில பூ விக்க மாட்டாங்களேன்னு தோணிச்சு. அந்தம்மா கேக்கறாங்க: இந்த மூணு மணி இருபது நிமிஷம் மெஷின் எங்க இருந்துச்சு? இது ஒண்ணுதான் அவங்களுக்கு முக்கியமாம். வேற யாரோட இடத்துக்காவது போயிருந்தா அது வேற விஷயமாம்.

— பஞ்சர்தான். டயர் பஞ்சர்.

— எந்த டயர்னு கேக்கறாங்க.

— முன்னாடி… பின்னாடி… ரெண்டுமே.

— டேய் நாராயணா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. மூணு மணி நேரத்துல எங்கடா போய் அணுகுண்டு செஞ்சே?

— அய்யோ தேவ்ரே! பாகலூர் போனேன் பாய்.

— பாகலூர்ல யாரு?

— கங்கப்பன்.

— கங்கப்பன் யாரு, விஞ்ஞானியா?

— தக்காளித் தோட்டம் பாய். ஒரு பொண்ணு இருக்கு.

— பொண்ணு பார்க்கப் போனியா? என் மெஷினை ஏத்திக்கிட்டா?

— எறக்கி வச்சுட்டுப் போனா பொழுது சாஞ்சிடும். அன்னைக்கு நல்ல நாளு, ஆறு மணிக்குள்ள வரச்சொல்லியிருந்தாங்க. நான் வேனை வாசல்ல நிறுத்தினேன். தார்ப்பாய்க்குள்ள என்னன்னு கங்கப்பன் மாமா கேட்டாரு. வெளிநாட்டு மெஷின்னு சொன்னேன். விலை கேட்டாரு. சொன்னேன். அப்புறம் யாருதுன்னு கேட்டாரு.

— நீ என்னா சொன்னே?

— வாய் தவறிடுச்சு பாய்.

— என்னா தவறுச்சு?

— என்னுதுன்னு சொல்லிட்டேன்.

— கோவிந்தன் சார், அந்தப் புளியமரத்து நாற்காலியைக் கொண்டாங்க. நான் உக்காரணும்.

— சார், நான் இதை எப்படிச் சொல்றது? மெஷின் கைமாறினதா அர்த்தம் வந்துட்டா ரொம்பப் பெரிய தப்பாயிடும். நடந்ததை நடந்தபடியே சொல்லிடறேன்… சொல்லிட்டேன். மெஷினை யாரெல்லாம் தொட்டாங்கன்னு கேக்கறாங்க.

— மாமா ரெண்டு தட்டு தட்டுனாரு. பொண்ணோட அத்தை குங்குமம் வச்சாங்க. வேற யாரும் கைவைக்கலை. பொண்ணு ஜன்னல்ல இருந்து பார்த்துச்சு.

— மெஷினையா, உங்களையான்னு கேக்கறாங்க.

— அதைத்தான் மேரிம்மா நானும் ஒன்றரை மாசமா யோசிக்கிறேன்.

— இப்ப முடிவைச் சொல்றாங்க சார். மெதுவா பேசச் சொல்லி எழுதிக்கிட்டேன். ஒண்ணு: இனிமே மெஷினை நகர்த்துறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எழுதிக் கேட்கணும். ரெண்டு: ரெண்டாவது மெஷினை அத்திப்பள்ளியில வைக்கணும்னா வைக்கலாம், ஆனா அந்த விலாசத்தை ஃபாரத்துல எழுதணும். அப்ப எதையும் தூக்கிட்டு அலைய வேண்டாமே, மொதல்லயே ஏன் கேக்கலைன்னாங்க.

— கேக்கலாம்னு யாரும் சொல்லலையேம்மா! மூணு?

— மூணு: கங்கப்பன் எழுத்து மூலமா சொல்லணும். அன்னைக்கு மெஷின் அவர் வாசல்ல இருந்துச்சு, வேனை விட்டு எறங்கலை, அது நாராயணப்பனோடது இல்ல, கௌஸ் மொய்தீனோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்து போடணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. சாயங்காலம் அவங்க டெல்லி போறாங்க. அந்தக் காகிதம் கைக்கு வந்தா இவங்களும் கையெழுத்து போடுவாங்க. வரலைன்னா முடியாதாம்.

— அவ்வளவுதானே! டேய், ஓடுடா பாகலூருக்கு.

— பாய், அடுத்த வெள்ளி நிச்சயம்.

— யாருக்கு?

— எனக்குத்தான். மாமா அந்த மெஷினைப் பார்த்துத்தான் பொண்ணு தர்றேன்னாரு. டிரைவருக்குத் தரமாட்டேன்னு எங்க அக்காகிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினவரு அவரு.

— அட கிறுக்கா. இதை எங்கிட்ட முன்னாடியே சொன்னா என்னா? சரி, மெஷின்ல ஒரு பங்கு உன் பேருக்கு எழுதித் தர்றேன். கால் பங்கு. அப்ப நீ சொன்னது பொய்யில்லையே?

— சார், பங்கு மாத்தினா அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு. ஏழாவது பக்கம். அனுமதி வர ஆறு மாசம் ஆகும்.

— ஒரு நட்டு, ஒரு போல்ட்டு கூடக் குடுக்கக்கூடாதா?

— அது தனி லிஸ்ட் சார்.

— வேண்டாம் பாய், விடுங்க. நான் போய்ச் சொல்லிடறேன். மெஷின் என்னுது இல்ல, நான் அதை ஓட்டிக்கிட்டுப் போறவன் மட்டும்தான்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன். எனக்கு ஒரு பொண்ணு போனா போகட்டும். பதினோரு அடுப்பு எரியணும்.

— நானும் கூட வர்றேன்டா. நான் பேசறேன்.

— நீங்க வந்தா மொதலாளி வந்து மானத்தை வாங்கிட்டாருன்னு இன்னும் மோசமாயிடும். தனியாவே போறேன்.

— இப்ப அந்தம்மா எதுக்கு நாராயணனையே பார்க்கறாங்க?

— ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சுன்னு கேட்டாங்க. கல்யாண விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

— அது அரசாங்க விஷயம் இல்லையேம்மா.

— நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். ஆனா அவங்க சொல்றாங்க, பஞ்சர்னே சாதிச்சிருந்தா அதை அவங்களால கண்டுபிடிச்சிருக்கவே முடியாதாம். தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே உண்மையைச் சொன்னவங்களை இந்த வேலையில அதிகம் பார்த்ததில்லையாம். அதைப் பொண்ணோட அப்பாகிட்ட யாராவது சொல்லணுமாம்.

— யாரு சொல்றது? நீயும் நானும் சொன்னா கேப்பாரா?

— கேக்க மாட்டாரு பாய். நம்ம பக்கத்துல பெரியவங்க யாரு இருக்கா? அம்மா இல்ல. அக்கா மட்டும்தான், அவளும் தளியில இருந்து வர ரெண்டு பஸ் மாறணும்.

— அண்ணா, மாப்பிள்ளை பக்கத்துல பெரிய பொம்பளைங்க யாரும் இல்லையான்னு இப்பத்தான் அவங்களும் கேட்டாங்க. இல்லைன்னேன். அதுக்கு ஒண்ணு சொன்னாங்க.

— என்னா சொன்னாங்க? நீ ஏன் சிரிக்கிறே?

— எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு தெரியலை சார். மறுபடி ஒரு தடவை கேட்டுக்கறேன்.

— கேளு, கேளு.

— சரியாத்தான் புரிஞ்சிருக்கு.

நாளை, வெள்ளி: காலை எட்டு மணிக்குத் தூதரகக் காரில் பாகலூர் போக வேண்டும். அதற்குள் பூ, பழம், வெற்றிலை, பாக்கு நான் வாங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தட்டை அந்த அம்மாதான் ஏந்தி வருகிறாராம்.